கயிலை வலமும் நடையின் முடிவும்

திருக்கயிலைமலையை வலம்வருதல் ஏறத்தாழ 52 கிலோமீட்டர் நடையாகும். யாத்திரிகர் தார்ச்சேனிற் புறப்பட்டு, வடபால் திராபுக்கில் தங்கி, கடல்மட்டத்தின்மேல் 5,600 மீட்டரளவு உயர்ந்த தோல்மாலாக் கணவாயைக் கடந்து, கௌரிகுண்டத்தைக் கண்டு, மூன்றாம் நாளில் மீளவும் தார்ச்சேனையே அடைவர். கணவாயில் உயிர்ப்புக்குரிய காற்றுக் கடற்கரையிலுள்ளதிற் பாதியளவே. ஆகலின் இடையில் திரும்புவோரும் உளர். அவர்தம் யாத்திரை பயனிலதோ? முற்றுவித்தோர் 'யான் முடித்தேன்' எனக் கருதுதல் தகுமோ?

வலத்தின் இயல்பை முதற்கண் நோக்குக. புறப்பட்ட இடமே முடிவிடம். 6,638 மீட்டர் உயர்ந்த சிகரத்தை வலம்வருவோர் மிதிப்பதில்லை. ஆகவே இடவகையால் நடந்தவன் சிவபெருமானை அணுகியிலன். மாறவேண்டுவது நடந்த உயிரின் நிலையேயாம்.

இதற்கு அப்பர் சுவாமிகள் வரலாறே சான்று. கால்கள் தேயக் கைகளாலும், கைகள் தேய மார்பாலும் சென்று, பின் புரண்டும், அனைத்துறுப்பும் ஓய்ந்த நிலையிற் கிடந்தாரெனச் சேக்கிழார் பெருமான் அருளினர். முனிவராய் வந்த இறைவன் மீள்கவென, அவர் உடன்பட்டிலர். பின்னர் அருளாணைவழிப் பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து, ஆண்டே கயிலைக்காட்சி பெற்றனர். வழி முடிந்திலது, காட்சியோ கிடைத்தது.

அற்றேல், திருவையாற்றிற் கிடைப்பதற்கு வடக்கே செல்வதென்னை எனின், உறுப்புகள் ஓயுமளவும் முயன்றாலன்றி முயற்சியின் எல்லை உயிர்க்குப் புலப்படாது. புலப்படாதவழி, 'யான் செய்தேன்' என்னும் ஆணவச்செருக்குத் தளராது. உயிர் நடக்கும்; நடத்துவிப்பது திருவருள். நடந்த கால்களும் மாயையினின்று இறைவன் கூட்டிய கருவிகளே. ஈதுணர்ந்து தன்செயலற்று நிற்றலே சிவஞானபோதப் பத்தாஞ் சூத்திரம் உணர்த்தும் இறைபணி நிற்றல்.

இனி, முடித்தமை கூறித் தருக்குவோன் மலையை வலம்வந்தும் தன்னையே வலம்வந்தவனாவன். அன்பாற் புறப்பட்டு மூச்சு முட்டித் திராபுக்கினின்று மீண்டோன், அவ்விளைப்பையே அருளின் அறிவுறுத்தலாகக் கொள்வானாயின், அவன் செய்த சரியை வீண்போகாது. ஆதலின் திரும்பி வந்த அடியார்களை, 'முடித்தீர்களோ?' என வினவாது வணங்கி வரவேற்றல் நம் கடனாம்.