ஆடியும் மிருகசிரமும்

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது தமிழ்நாட்டு உழவர்களின் பழமொழி. பட்டம் என்றால் விதைப்பதற்கு ஏற்ற பருவம். ஆடி மாதம் ஜூலை நடுவில் பிறக்கும். அப்போது விதைத்த செடி வேரூன்றி வளர்ந்து நிற்கும் வேளையில் வடகிழக்குப் பருவமழை வந்து சேரும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் அம்மழையே தருகிறது.

ஐதராபாத் நகரின் குகட்பள்ளியில் மழைக்காலம் வேறு. அங்குத் தென்மேற்குப் பருவமழை ஜூன் மாதத்தில் தொடங்கிச் செப்டம்பர் வரை பெய்கிறது. தெலுங்கு உழவர்கள் கதிரவன் எந்த விண்மீன் கூட்டத்தில் நிற்கிறது என்று பார்த்துப் பருவத்தைக் கணிப்பர். அக்கணக்கின் ஒரு பகுதிக்குக் 'கார்த்தெ' என்று பெயர். ஜூன் இரண்டாம் வாரத்தை ஒட்டி வரும் மிருகசிரக் கார்த்தெயே அவர்களுக்கு விதைப்பின் தொடக்கம். அது தமிழ் வைகாசியின் இறுதி. ஆடி பிறக்க இன்னும் ஒரு மாதத்திற்கு மேல் உண்டு.

ஆகவே, குகட்பள்ளியில் மாடித்தோட்டம் அமைப்போர் வெண்டை, பீர்க்கு, சுரை ஆகியவற்றை ஆனியிலேயே விதைக்கலாம். வெண்டை ஏறத்தாழ 45 நாளில் காய்க்கும். பலத்த மழையில் நீர் தேங்கினால் வேர் அழுகும். எனவே தொட்டியின் அடியில் துளை இருத்தல் வேண்டும்.

கொடி அவரையின் இயல்பு தனியானது. அதன் நாட்டு வகைகள் பகற்பொழுது குறையத் தொடங்கிய பின்னரே பூக்கும். ஆனியில் விதைத்தாலும் ஆடியில் விதைத்தாலும் அது கூதிர்காலத்தில்தான் காய்க்கும். அவரைக்கு ஆடிப்பட்டம் இரு நிலத்திலும் பொருந்தும்.

குகட்பள்ளி ரைத்து பஜாரில் பீர்க்கங்காய் 'பீரகாய' என்றும், சுரைக்காய் 'சொரகாய' என்றும், வெண்டைக்காய் 'பெண்டகாய' என்றும் வழங்கும். பெயர்கள் உறவுடையவை, விதைக்கும் நாள்கள் மட்டும் வேறு. தமிழ் உழவரும் தெலுங்கு உழவரும் தத்தம் மழையை அறிந்தே நாள் குறித்தனர். பழமொழியில் உள்ள 'தேடி' என்னும் சொல் அந்த அறிவையே குறிக்கிறது.

சொற்பொருள்

கதிரவன் – சூரியன்
கூதிர்காலம் – ஐப்பசி, கார்த்திகை மாதங்கள்
ரைத்து பஜார் – உழவர் சந்தை

பயிற்சி

1. 'பட்டம்' என்னும் சொல்லுக்கு இப்பாடத்தில் உள்ள பொருளையும் வேறொரு பொருளையும் எழுதுக.
2. குகட்பள்ளியில் வெண்டையை ஆடிக்கு முன்பே விதைப்பது ஏன்?
3. அவரையை எப்போது விதைத்தாலும் கூதிர்காலத்தில் காய்ப்பதன் காரணம் யாது?
4. வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, அவர்தம் ஊரில் ஆடியில் விதைக்கும் காய்கறிகளைப் பட்டியலிடுக.