வேர் முடிச்சைக் கீறிப் பாருங்கள்

உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, நிலக்கடலை ஆகியவற்றின் வேரில் முடிச்சுகள் இருப்பதை விவசாயிகள் அறிவர். முடிச்சு இருந்தாலே காற்றிலுள்ள தழைச்சத்து பயிருக்குக் கிடைத்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். இது பாதிதான் உண்மை. முடிச்சுகள் ஏராளமாக இருந்தும் வெளிறி நிற்கும் பயிர்கள் உண்டு.

வேரை ஒட்டியுள்ள மண்ணுக்கு வேர்மண்டலம் என்று பெயர். ஜெர்மானிய விஞ்ஞானி ஹில்ட்னர் 1904-ல் இப்பகுதியைத் தனியே இனங்கண்டு பெயரிட்டார். வேரிலிருந்து கசியும் சர்க்கரையையும் அமிலங்களையும் உண்டு இங்கு நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. ஒரு கிராம் மண்ணில் அவை கோடிக்கணக்கில் உள்ளன. இவற்றில் மிகச் சிறு பங்கே ஆய்வுக்கூடத் தட்டில் வளரும். எஞ்சியவற்றை மண்ணிலுள்ள மரபுப்பொருளைப் பிரித்துப் படித்தே இப்போது அறிந்து வருகிறோம்.

முடிச்சை உண்டாக்கும் ரைசோபியமும் ஒரே இனம் அன்று. கொண்டைக்கடலைக்கு உரியது வேறு, சோயா மொச்சைக்கு உரியது வேறு. உளுந்து, தட்டைப்பயறு, துவரை, நிலக்கடலை ஆகியவை பெரும்பாலும் ஒரே கூட்டத்தை ஏற்பவை. இக்கூட்டம் நம் நிலங்களில் ஏற்கெனவே உள்ளது. பொட்டலம் கலக்காத வயலிலும் முடிச்சு தோன்றுவது இதனால்தான். ஆனால் இக்கூட்டத்தில் உழைப்பவையும் உண்டு, பயிரின் சர்க்கரையைத் தின்றுவிட்டுச் சும்மா இருப்பவையும் உண்டு. எண்ணிக்கையில் மிகுந்த சோம்பேறிகள் முந்திக்கொண்டு வேரில் இடம்பிடித்து விடுகின்றன.

எது அமைந்திருக்கிறது என்பதை நீங்களே பார்க்கலாம். உளுந்தானால் விதைத்த 30 முதல் 35 நாட்களுக்குள், வயலில் ஐந்தாறு இடங்களில் செடிகளை எடுங்கள். கையால் பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே உதிர்ந்துவிடும். மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். பருத்த முடிச்சு ஒன்றைப் பிளேடால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாகவோ இரத்தச் சிவப்பாகவோ இருந்தால் அது வேலை செய்கிறது. நம் இரத்தத்தில் உள்ளதைப் போன்ற ஒரு சிவப்புப் பொருளே இந்நிறத்தைத் தருகிறது. வெள்ளையாக இருந்தால் பயனில்லை. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வேலை முடிந்து முதிர்ந்தது. காய் முற்றும் தருணத்தில் இது இயல்பு, பூக்கும்போதே அப்படியிருந்தால் கவனிக்க வேண்டியது.

நூற்புழு தாக்கிய வேரிலும் புடைப்புகள் இருக்கும். இதை முடிச்சென்று மகிழ்ந்து போகிறவர்கள் உண்டு! ரைசோபியம் முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். நகத்தால் தள்ளினால் கழன்றுவிடும். நூற்புழுப் புடைப்பு வேரே வீங்கியது, கழலாது.

வெள்ளை முடிச்சுகளே மிகுந்திருந்தால் அடுத்த பருவத்தில் விதைநேர்த்தியைத் தவற விடாதீர்கள். உளுந்தில் எக்டருக்குத் தேவையான விதைக்கு 600 கிராம் ரைசோபியம், அதாவது 200 கிராம் பொட்டலங்கள் மூன்றினை, ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் சீராகப் படியச் செய்து, நிழலில் உலர்த்தி உடனே விதைக்க வேண்டும். பூசணக்கொல்லி மருந்து கலப்பதானால் அதை முதலில் செய்து, 24 மணி நேரம் கழித்தே ரைசோபியம் இடவேண்டும். பொட்டலத்தில் இருப்பது உயிருள்ள பொருள். பயிருக்கு உரிய பொட்டலம்தானா என்றும் காலாவதி நாளையும் பார்த்து வாங்குங்கள். தகரக் கொட்டகையில் உர மூட்டையோடு போட்டு வைத்தால் விதையில் ஏறுவது வெறும் கரித்தூள்தான்.

சோயா மொச்சையைப் புதிதாகப் பயிரிடும் நிலத்தில் அதற்குரிய ரைசோபியம் பெரும்பாலும் இராது. ஆகவே அங்கு முதல் விதைப்பிலேயே நேர்த்தி அவசியம்.

யூரியாவைத் தாராளமாக இட்டால் பயிர் முடிச்சைத் தேடாது. இறவை உளுந்துக்கு எக்டருக்கு 25 கிலோ தழைச்சத்தும் மானாவாரிக்கு அதில் பாதியும் அடியுரமாகப் போதும். மணிச்சத்தைக் குறைக்கக் கூடாது; முடிச்சு உழைப்பதற்கு அது மிகுதியாகத் தேவை.