விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு: கணினி விளையாட்டு ஆர்வலர்களுக்கு

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பழைய கணினிக்கு லினக்ஸ் இயங்குதளம் நல்ல மாற்று. தமிழகமெங்கும் 2011 முதல் வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகள் மூலம், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்' என்ற லினக்ஸ் வகை பல மாணவர்களுக்கு அறிமுகமானது. லினக்ஸுக்கு மாறுவோர் கவனிக்க வேண்டியவை:

● முதலில் நகல்: படங்கள், ஆவணங்கள், விளையாட்டின் சேமிப்புக் கோப்புகளை வேறொரு வட்டில் எடுத்து வைக்க வேண்டும்.

● சோதனை ஓட்டம்: 'லினக்ஸ் மின்ட்' என்ற லினக்ஸ் வகையை 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே இயக்கலாம். வைஃபை, ஒலி, திரை சரியாக இயங்கினால் நிறுவலாம்.

● டிரைவர்: ஏஎம்டி, இன்டெல் கிராபிக்ஸுக்குத் தேவையானது பெரும்பாலும் உடன் வரும். என்விடியா என்றால் 'டிரைவர் மேனேஜர்' வழியே நிறுவ வேண்டும்.

● புரோட்டான்: விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் இக்கருவியை வால்வ் நிறுவனம் 2018-இல் வெளியிட்டது. அந்நிறுவனத்தின் விளையாட்டுச் செயலியான ஸ்டீமின் அமைப்புகளில் 'கம்பாட்டிபிலிட்டி' பகுதியில் இதன் பதிப்பைத் தேர்ந்தெடுக்கலாம்.

● ஓடாதவை: வாலரன்ட், ஃபோர்ட்நைட் ஆகியவை மோசடித் தடுப்பு மென்பொருள் காரணமாக லினக்ஸில் ஓடாது. இவை வேண்டுமெனில் விண்டோஸையும் உடன் வைத்திருப்பது நல்லது. டோட்டா 2, கவுன்டர்-ஸ்டிரைக் 2 நேரடியாகவே ஓடும்.

● மிகப் பழைய மடிக்கணினி: புதிய விளையாட்டுகளைப் புரோட்டானில் ஓட்ட 'வல்கன்' வசதியுள்ள கிராபிக்ஸ் தேவை. அது இல்லாவிட்டால் சூப்பர்டக்ஸ்கார்ட் போன்ற இலவசத் திறமூல விளையாட்டுகளைத் தேர்ந்தெடுக்கலாம்.

● சேமிக்கும் இடம்: விளையாட்டுகளை விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பகுதியில் வைத்தால் கோளாறு வரக்கூடும், லினக்ஸின் இஎக்ஸ்டி4 பகுதியே ஏற்றது.