நாமினி யாரென்று கேட்ட தம்பிக்கு



உன் கடிதம் கிடைத்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் காண்டிராக்ட் வேலைக்குச் சேர்ந்த அன்று, பி.எப். படிவத்தில் ‘நாமினி’, ‘உறவுமுறை’ என்ற இரண்டு கட்டங்களைக் கண்டதும் பேனா நின்றுவிட்டதாகவும், சூப்பர்வைசர் “ஏதாவது ஒரு பேரைப் போடுப்பா” என்று அவசரப்படுத்தவே, நீ வளர்ந்த குழந்தைகள் இல்லத்து வார்டன் பெயரை எழுதி உறவுமுறையில் ‘மாமா’ என்று போட்டதாகவும் எழுதியிருந்தாய். நீ செய்தது சரியா என்ற உன் கேள்வி என்னை விடவில்லை.

அதற்குமுன் ஒரு மனத்தாங்கல். இல்லங்களிலிருந்து 18 வயதில் வெளியேறும் பிள்ளைகளுக்குப் பொருளாதார ஞானம் புகட்டப் புறப்படும் கனவான்கள், பூந்தமல்லிப் பக்கம் நான் போயிருந்த ஒரு விழாவில் செய்ததுபோல, ஆளுக்கொரு மண் உண்டியலைக் கையில் கொடுத்துச் சிக்கனத்தின் மகிமையை உபதேசிக்கிறார்கள். ஒரு சோப்பை நால்வர் பங்கிட்டு வளர்ந்தவனுக்குச் சிக்கனம் சொல்லித்தர இவர்கள் யார்? வரவு செலவு எழுதச் சொல்வதும் இந்த ரகந்தான். டிக்கன்ஸ் 1861-இல் நூலாக வெளியிட்ட ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ கதையில், தாய் தந்தையற்ற பிப் தன் நண்பனோடு உட்கார்ந்து கடன்களை வெகு ஒழுங்காகப் பட்டியலிட்டு, எதற்கும் இருக்கட்டுமென்று கூட்டுத்தொகையைச் சற்று உயர்த்தி எழுதி, பிறகு அந்த உயர்த்திய தொகை முட்டும்வரை புதுக் கடன் வாங்குகிறான். பட்ஜெட் நோட்டு விநியோகிக்கும் எவரைக் கண்டாலும் எனக்கு அந்த அத்தியாயந்தான் ஞாபகம் வருகிறது.

உனக்கு வேண்டியது உண்டியலுமன்று, நோட்டுமன்று. உனக்கு இல்லாதவர், ஆபத்துக் காலத்தில் முன்வந்து நிற்கும் மனிதர். பிறருக்குச் சுற்றம் செய்யும் காரியத்தை உனக்குக் காகிதம் செய்தாகவேண்டும். ஆகையால் காகிதத்தில் பொய் கூடாது. 1952-ஆம் ஆண்டு வருங்கால வைப்புநிதித் (பி.எப்.) திட்டத்தின்படி, குடும்பமுள்ளவன் குடும்பத்தாரையே நாமினியாகக் குறிக்கவேண்டும்; குடும்பமில்லாதவன் எவரையும் குறிக்கலாம். குடும்பம் என்று அத்திட்டம் கொள்வது மனைவி மக்களையும் உன்னைச் சார்ந்து வாழும் பெற்றோரையும் போன்றவர்களை. அண்ணன் தம்பியே அதில் சேராதபோது மாமன் எங்கே சேர்வான்? வார்டனையே ‘நண்பர்’ என்று எழுதியிருந்தால் ஒரு குறையுமில்லை. ஆனால் உனக்குத் திருமணமான மறுகணம் அந்த நியமனம் தானே செல்லாததாகிவிடும்; புதிதாக எழுதவேண்டும். வேலையிலிருக்கும்போது ஒருவன் இறந்தால் அவன் சந்தா ஏதும் கட்டாமலே 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கக்கூடிய காப்புறுதி ஒன்றும் இந்த நாமினியைப் பற்றிக்கொண்டுதான் வருகிறது என்பதை எத்தனை தொழிலாளர் அறிவர்?

இதற்கும் மேலே ஒன்று. வங்கியிலும் இன்ஷூரன்ஸிலும் நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவரேயன்றி உரிமையாளர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் இன்ஷூரன்ஸ் பற்றி 1984-இலும் வங்கி டெபாசிட் பற்றி 2010-இலும் சொல்லிவிட்டது. உரிமை வாரிசுக்கே (இன்ஷூரன்ஸில் பெற்றோர், மனைவி, மக்கள் நாமினியானால் மட்டும் 2015 முதல் உரிமையும் அவர்களுக்கே). நீ இந்துவானால், உன்னை எட்டியும் பாராத தூரத்து உறவினர் வாரிசென்று வந்து நிற்கலாம், அப்படி ஒருவருமே இல்லையெனில் 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின்படி சொத்து சர்க்காருக்குப் போகும். ஆதலால் பத்தொன்பது வயதில் நீ உயில் எழுதவேண்டுமென்று நான் சொன்னால் சிரிக்காதே. 18 நிரம்பிய, சித்த சுவாதீனமுள்ள எவரும் வெறுந்தாளில் எழுதலாம். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயமில்லை, நீயும் சாட்சிகள் இருவரும் கையெழுத்திட்டால் போதும்.

மற்றவை சுருக்கமாக. காண்டிராக்டர் மாறும்போதெல்லாம் பி.எப். பணத்தை எடுத்துச் செலவழித்து, புது எண் வாங்காதே, யு.ஏ.என். என்னும் பழைய பொதுக் கணக்கு எண்ணையே கொடு, ஏனெனில் ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுச் சேவை கூடியாகவேண்டும். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு உன்போன்றோர்க்குப் பண உதவி ‘அளிக்கலாம்’ என்றுதான் சொல்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் அது மாதம் 4,000 ரூபாய், 21 வயது வரை. ‘அளிக்கலாம்’ என்றால் கேட்காதவனுக்கு வராது என்று பொருள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்.

உயிலில் உன் ஆவடி அறைத்தோழனுக்கு எழுதிவைப்பதானால் அவனைச் சாட்சியாகப் போடாதே, பின்னால் சந்தேகத்துக்கு இடமாகும். சாட்சிகளில் ஒருவனாக நான் வருகிறேன். இன்னொருவரை நீ பார்த்துவை.