மடிக்கணினி கெட்டுப்போகவில்லை!



2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் பிள்ளைகள் வாங்கி வந்த மடிக்கணினி சில வீடுகளில் இன்னும் ஓடுகிறது. தீர்த்தமலையில் ஒரு குழு அதில்தான் கடன் கணக்கு எழுதுகிறது. ஒருநாள் 'குழு' என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் 2434 என்று வந்ததாம். "கீபோர்டு போச்சு, மாத்தணும்" என்று ரிப்பேர்காரர் சொல்ல, குழுப் பணத்தை எடுக்கவே இருந்தார்கள். நல்லவேளை, அதற்குள் எங்களைக் கேட்டார்கள்.

எல்லாம் 'நம் லாக்' பட்டன் வேலை. ("நம்ம பூட்டா?" என்றார் ஒரு அக்கா. கிட்டத்தட்ட அப்படித்தான்!) தனி எண் பலகை இல்லாத சில மடிக்கணினிகளில் எழுத்துப் பட்டனுக்குள்ளேயே எண்ணும் இருக்கும். ஜே, கே, எல் என்பவை 1, 2, 3. யு, ஐ, ஓ என்பவை 4, 5, 6. பட்டன் ஓரத்தில் சிறிதாக அச்சடித்திருக்கும், பாருங்கள். நம் லாக் விழுந்துவிட்டால் எழுத்துக்குப் பதில் எண்தான் வரும். கீழே இடது மூலைப் பக்கம் 'எஃப்என்' பட்டன் இருக்கும். அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டே நம் லாக்கை ஒருமுறை தட்டுங்கள். சில மாடலில் நம் லாக் மட்டும் போதும். செலவு ஒரு பைசா இல்லை.

கடவுச்சொல் சரியாகப் போட்டும் திறக்கவில்லையா? 'கேப்ஸ் லாக்' விழுந்திருக்கிறதா பாருங்கள்.

கணக்கில் ஒரு வரி தவறி அழிந்துவிட்டால் பதறவேண்டாம். வேறெதையும் தொடாமல், 'கண்ட்ரோல்' பட்டனைப் பிடித்துக்கொண்டு இசட் எழுத்தைத் தட்டினால் திரும்பி வரும். கணக்கை மூடிவிட்டால் மட்டும் இது உதவாது. பேரேட்டை இன்னும் கையால் எழுதச் சொல்கிறோமே, அதற்காகத்தான்.