குழித்தட்டுச் சோதனை

ஒரு மருந்து ஒரு கிருமியைத் தடுக்கிறது என்று சொல்லிவிடுவது எளிது. எவ்வளவு மருந்து தடுக்கிறது என்று சொல்வதுதான் அரிது. நோயாளிக்கு வேண்டியதோ இரண்டாவது விடை.

நம் கல்லூரிகளில் பழகிய முறை வில்லைச் சோதனை. அகார் பரப்பில் கிருமியைத் தடவி, மருந்து தோய்ந்த காகித வில்லையை வைத்து, மறுநாள் அதைச் சுற்றித் தெளிந்திருக்கும் வட்டத்தை அளவுகோலால் அளக்கிறோம். மலிவான முறை, பெரும்பாலான மருந்துகளுக்கு நல்ல முறையுங்கூட. ஆனால் வட்டத்தின் அகலம் மருந்தின் வலிமையை மட்டும் பொறுத்ததன்று. அம்மருந்து அகாருக்குள் எவ்வளவு தூரம் ஊர்ந்து செல்லும் என்பதையும் பொறுத்தது. ஊர மாட்டாத மருந்துக்கு வட்டம் பொய் சொல்லும். பாலோட்டுத் தாவரவியல் பூங்காவைப் பார்த்துவிட்டு வந்து மூலிகைச் சாற்றில் ஆய்வு தொடங்கும் நண்பர்கள் இதை மனத்திற்கொள்ள வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள சாறு அகாரில் எளிதில் பரவாது. வட்டம் சிறுத்ததால் சாறு வலுவற்றது என்று முடிவு கட்டலாகாது.

ஆகவே அகாரை விட்டு நீர்மத்துக்கு வருவோம். 1951-இல் ஹங்கேரி நாட்டில் இன்புளுயன்சாவைக் கண்டறியும் சோதனைகள் மிகுதியாக வேண்டியிருந்த வேளையில், ஆய்வுப் பொருள்களுக்கோ தட்டுப்பாடு. ஜூலா தக்காச்சி என்ற மருத்துவர் பிளாஸ்டிக் பலகையில் வரிசையாகக் குழிகள் குடைந்து, சோதனைக் குழாய்களுக்குப் பதிலாக அவற்றைப் பயன்படுத்தினார். பல்லாங்குழி ஆடி வளர்ந்த நமக்கு இது வியப்பாகத் தோன்றாது! இன்று எங்கும் வழங்கும் தட்டு உள்ளங்கையளவு; எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு, ஆக 96 குழிகள்.

ஒரு வரிசையை நான் நிரப்பும் விதத்தைச் சொல்கிறேன். முதற்குழியை விட்டு, மற்றப் பதினொன்றிலும் 50 மைக்ரோ லிட்டர் ஊட்டநீர் விடுகிறேன். அது ஏறத்தாழ ஒரு சொட்டு. முதற்குழியில் லிட்டருக்கு 128 மில்லிகிராம் செறிவுள்ள மருந்துநீர் இரண்டு சொட்டு. அதிலிருந்து ஒரு சொட்டை இரண்டாங் குழியில் விட்டுக் கலந்தால் அங்கே செறிவு 64. அதிலிருந்து ஒரு சொட்டு மூன்றாவதற்கு, 32. இப்படியே பத்தாங் குழிவரை பாதி பாதியாகக் குறைத்து வந்து, அங்கு மிஞ்சும் சொட்டை எறிந்துவிடுகிறேன். பதினொன்றில் மருந்து கிடையாது. பிறகு மில்லிலிட்டருக்குப் பத்து இலட்சம் கிருமிகள் உள்ள நீரில் ஒவ்வொரு சொட்டு, முதல் பதினொரு குழிகளுக்கும். பன்னிரண்டாவதற்கு வெறும் ஊட்டநீரே. கிருமிநீர் சேர்ந்ததும் மருந்தின் செறிவு மீண்டும் பாதியாகி, முதற்குழியில் 64-உம் பத்தாவதில் 0.125-உம் ஆகிறது. தட்டை மூடி 35 டிகிரி வெப்பத்தில் 16 முதல் 20 மணி நேரம் வைக்கிறேன்.

மறுநாள் முதலில் பார்க்க வேண்டியவை கடைசி இரண்டு குழிகள். பதினொன்று கலங்கியிருக்க வேண்டும். இல்லையேல் கிருமி முதலிலேயே செத்திருக்கிறது. பன்னிரண்டு தெளிந்திருக்க வேண்டும். இல்லையேல் வேறு கிருமி புகுந்திருக்கிறது. இவை சரியானால், தெளிந்த குழிகளுள் மிகக் குறைந்த செறிவு எதுவோ அதுவே தடைச் செறிவு. கறுத்த மூலிகைச் சாற்றில் கலங்கல் கண்ணுக்குத் தெரியாது. அங்கே ரெசசுரின் என்ற நீலச் சாயம் உதவும். உயிருள்ள கிருமி அதை இளஞ்சிவப்பாக்கும். சில சாறுகள் தாமாகவே சாயத்தை மாற்றிவிடுமாதலால், கிருமியில்லாச் சாற்றுக்கும் ஒரு குழி ஒதுக்குங்கள்.

இத்தனை சிரமம் எதற்கு? கொலிஸ்டின் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். 1949-இல் ஜப்பானில் கண்டறியப்பட்டது. சிறுநீரகத்தைக் கெடுக்கிறதென்று பிற்காலத்தில் ஒதுக்கப்பட்டது. வேறெந்த மருந்துக்கும் மசியாத குளெப்சியெல்லா போன்ற கிருமிகள் பெருகியபின், வேறு வழியின்றி மருத்துவர்கள் அதனிடமே திரும்பினார்கள். இதன் மூலக்கூறு பெரியது, அகாரில் ஊராது. 2016-இல் ஐரோப்பிய, அமெரிக்கத் தரக் குழுக்கள் இரண்டும் கூடி, வில்லைச் சோதனையை இதற்கு நம்பலாகாது, குழித்தட்டே முறை என்று அறிவித்தன. பிளாஸ்டிக்கிலும் இது ஒட்டிக்கொள்ளும்! ஆகையால் மேற்பரப்பில் எவ்விதப் பூச்சும் இல்லாத சாதாரணத் தட்டே வேண்டும் என்பதும் அவர்கள் விதி.

கொலிஸ்டினுக்கு அடங்காத தன்மையை ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் செல்லும் மரபணு ஒன்று தரவல்லது என்பது 2015-இல் சீனாவிலிருந்து தெரியவந்தது. கோழித் தீவனத்தில் இம்மருந்தைக் கலப்பது பல நாடுகளில் இருந்த வழக்கம்; இந்திய அரசு 2019-இல் அதைத் தடை செய்தது. கேரள அரசு அதற்கு முந்திய ஆண்டிலேயே மருந்தெதிர்ப்பைத் தடுக்கத் தனித்திட்டம் வகுத்திருந்தது. நாமக்கல் முட்டையும் பல்லடத்துக் கோழியும் எல்லை தாண்டி இந்நாட்டுக்கு வருகின்றன. கிருமிக்கும் சோதனைச் சாவடி கிடையாது. இரு மாநிலத்துக்கும் பொதுவான கவலை இது என்றே நான் கருதுகிறேன்.

குளெப்சியெல்லாவில் கொலிஸ்டினின் தடைச் செறிவு 2 என்றால் மருந்துக்கு இன்னும் இடமுண்டு; 4 என்றால் கிருமி எதிர்ப்புடையது. இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் குழிகள். தேர்ந்த கையால் செய்தாலும் இம்முறையில் ஒரு குழி முன்பின் ஆவது இயல்பு என்பதுதான் இதிலுள்ள சங்கடம். அதனால் 2 அல்லது 4 என்று வரும் கிருமியை நான் ஒருமுறை பார்த்துவிட்டு விடுவதில்லை. ஒவ்வொரு தட்டிலும் ஒரு வரிசை, தன்மை முன்பே தெரிந்த ஈ-கோலைக் கிருமிக்கு உரியது. ஏ.டி.சி.சி. 25922 என்ற அந்த வகைக்குக் கொலிஸ்டின் 0.25-க்கும் 2-க்கும் இடையே நிற்க வேண்டும். அது எல்லைக்கு வெளியே போயிருந்தால், மற்ற ஏழு வரிசைகள் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அவற்றைப் படிப்பதில்லை. தட்டு ஆட்டோகிளேவுக்குப் போகும். புது மருந்துநீர் கரைத்து முதற்குழியிலிருந்து தொடங்குவேன்.