முடிவெடுக்கும் வேளையில் மன அமைதி

மனித வாழ்வில் சில முடிவுகள் ஒருமுறை எடுத்தால் எடுத்ததுதான். காணியை விற்பதா, பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புவதா, வந்த சம்பந்தத்துக்கு ஓம் என்பதா, துணையை இழந்தவர் மறுமணம் செய்வதா என்ற கேள்விகள் எமது வன்னி மண்ணில் எத்தனையோ வீடுகளில் நித்திரையைக் கெடுத்திருக்கின்றன. 2009 ஆம் ஆண்டின் பேரிழப்பின் பின்னர் முகாம்களிலிருந்து திரும்பி, தறப்பாள் கொட்டிலில் வாழ்வை மீண்டும் தொடங்கியவர்கள் நாம். இத்தகைய வேளைகளில் இறைநம்பிக்கை எமக்கு எதைத் தருகின்றது என்பதைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூக்கட்டிப் பார்த்தல்

ஐயப்பாடு வந்தவிடத்து இறைவன் திருவுளத்தை அறிய முயல்வது சைவ மக்களின் பழைய வழக்கம். திருமுறை ஏட்டில் கயிறு சாத்திப் பார்த்து, அதில் வந்த பதிகத்தின் வழி நடந்தவர் மெய்கண்டாரின் தந்தையாராகிய அச்சுதகளப்பாளர். எமது ஊர்களில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே பொட்டலமாகக் கட்டிச் சந்நிதியில் வைத்து, ஒரு குழந்தையைக் கொண்டு எடுப்பிப்பர்.

மீள்குடியேறிச் சில ஆண்டுகள் கழித்து நடந்த சம்பவம் ஒன்று நினைவுக்கு வருகின்றது. ஒரு தாய், வயற்காணியை விற்று மகனை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று பூக்கட்டிப் பார்த்தார். அவர் நினைத்த நிறம் வரவில்லை. “பிள்ளை சரியாக எடுக்கேல்லை” என்று மறுபடியும் கட்டினார். அப்போதும் வரவில்லை. மூன்றாம் முறை கட்டப் போனபோது குருக்கள் ஐயா கேட்டார்: “அம்மா, தம்பியிட்டைக் கேட்டனீங்களோ?”

“அவனிட்டை என்னத்தை ஐயா கேக்கிறது? அவன் சின்னப் பொடியன்.”

“போகப்போறவன் அவன்தானே அம்மா.”

அந்தத் தாய் பூக்களைக் கையில் வைத்தபடி நெடுநேரம் மண்டபத்துத் தூணடியில் இருந்தார். நாமும் பெரும்பாலும் இப்படித்தான். இறைவனின் விருப்பத்தை அறிய வருவதாகச் சொல்லிக்கொண்டு, எமது விருப்பத்துக்கு அவனுடைய கையொப்பத்தைக் கேட்கின்றோம். அச்சமும் ஆசையும் நிறைந்த மனத்தில் எந்த நிறப் பூ வந்தாலும் அமைதி வராது.

கிளிநொச்சியிலிருந்து நல்லூர்த் தேரடிக்கு

எமது மாவட்டத்தோடு தொடர்புடைய பெரியார் ஒருவரின் வாழ்வை இங்கு நோக்குவோம். யோகர் சுவாமிகள் (1872 - 1964) துறவு பூணுமுன் கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ‘ஸ்ரோர் கீப்பராக’, அதாவது களஞ்சியப் பொறுப்பாளராகக் கடமையாற்றியவர். கோழி மேய்த்தாலும் ‘கோர்ணமேந்தில்’ மேய்க்க வேண்டும் என்று எமது மக்கள் சொல்லிவந்த காலத்தில் அது எத்தகைய உத்தியோகம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1905 ஆம் ஆண்டளவில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேரடியில் செல்லப்பா சுவாமிகளை அவர் கண்டார். ஊரார் விசரன் என்று ஒதுக்கிய அந்த ஞானி, “யாரடா நீ?” என்று அதட்டினார். அந்த ஒரு கேள்வி அவர் வாழ்வையே திருப்பிவிட்டது. உத்தியோகத்தைத் துறந்து குருவின் பின்னே சென்றார். அங்கே அவருக்குக் கிடைத்தது சுகமன்று; ஏச்சும் பட்டினியும் கடுந்தவமுமே. ஆயினும் ஒரு பொல்லாப்பும் இல்லை, எல்லாம் முன்னரே முடிந்த காரியம் என்ற பொருள்படக் குரு உபதேசித்தவை அவர் உள்ளத்தில் நிலைபெற்றன. பின்னர் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை சென்று வந்து, கொழும்புத்துறையில் இலுப்பை மரத்தடியில் அமர்ந்தார்.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. குரு அவரிடம் எந்த முடிவையும் கையில் கொடுக்கவில்லை. ஒரு கேள்வியைத்தான் கொடுத்தார். அத்துடன், உத்தியோகத்தை விட்ட யோகர் சுவாமிகள் தம்மிடம் வந்தவர்கள் எல்லோரையும் உத்தியோகத்தை விடுமாறு சொல்லவில்லை. செய்யும் தொழிலைச் சிவதொண்டாகச் செய்யுமாறே இல்லறத்தாருக்கு உணர்த்தினார். 1935 இல் தொடங்கிய அவர்களது பத்திரிகையின் பெயரும் ‘சிவதொண்டன்’ என்பதேயாகும்.

நின்றுகொண்ட தமக்கை

யோகர் சுவாமிகள் விட்டுச் சென்றவர். விட்டுச் செல்லாது நின்றவர் திலகவதியார். 12 ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணம் அவர் வரலாற்றைக் கூறுகின்றது. திருவாமூரில் பிறந்த திலகவதியாருக்கு நிச்சயிக்கப்பட்டவர் சேனைத்தலைவராகிய கலிப்பகையார். அவர் போருக்குச் சென்றிருந்த வேளையில் தந்தை புகழனார் இறந்தார். தாய் மாதினியாரும் உடன் உயிர் நீத்தார். பின்னர் கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்ட செய்தியும் வந்தது. தாமும் உயிர்விடத் துணிந்த தமக்கையின் காலில் விழுந்து தம்பி மருணீக்கியார் அழுதார். தமக்கு இனி யார் உண்டு என்று அவர் கதறிய கதறலில் திலகவதியாரின் துணிவு மாறியது. தம்பிக்காக உயிர் தரித்தார்.

அந்த முடிவை எடுத்தவுடன் அவருக்கு நிம்மதி வந்துவிட்டதா? இல்லை. அதே தம்பி பின்னர் சமண சமயம் சார்ந்து பிரிந்து சென்றார். திலகவதியார் திருவதிகைத் திருக்கோயிலில் அலகிட்டு, மெழுகி, பூமாலை கட்டித் தொண்டு செய்துகொண்டே இறைவனிடம் முறையிட்டார். சூலைநோயோடு தம்பி திரும்பி வந்தபோது அவர் கையில் கொடுக்கத் திருநீறு இருந்தது. அந்தத் தம்பியே திருநாவுக்கரசு நாயனார். போரில் உற்றாரை இழந்து, தம்பி தங்கையரை வளர்ப்பதற்காகவே உயிர் தரித்த எத்தனை திலகவதிமார் எமது கிராமங்களில் இருக்கின்றார்கள் என்பதை நாம் அறிவோம்.

நாம் கொள்ள வேண்டியவை

ஒருவர் விட்டார், ஒருவர் நின்றார். இரண்டும் திருவருளின் வழியே. ஆகவே இறைநம்பிக்கை எல்லோருக்கும் ஒரே விடையைத் தருவதில்லை. அது தருவது தெளிவு.

முதலாவது, மனத்தை ஆறவிடுதல். கோபத்திலும் துயரத்திலும் கடன் நெருக்குதலிலும் உடனே முடிவு செய்யாது, சில நாட்களாவது ஆலயத்துக்கு வந்து அமைதியாக இருக்க வேண்டும். நித்திரையின்றி உயிரை வெறுக்கும் அளவுக்குத் துயர் மிகுந்தால் வைத்தியரை நாடுவது இறைநம்பிக்கைக்கு மாறானதன்று.

இரண்டாவது, ஆராய்தல். அனுபவசாலிகளைக் கேட்க வேண்டும்; முடிவினால் பாதிக்கப்படப் போகின்றவரையும் கேட்க வேண்டும். பகவத்கீதையில் கண்ணபிரான் அத்தனை உபதேசங்களையும் செய்தபின், நன்கு சிந்தித்து உன் விருப்பப்படி செய் என்ற கருத்தையே அருச்சுனனிடம் கூறுகின்றார். இறைவனே எமது அறிவுக்கு மதிப்பளிக்கும்போது நாம் அதைப் பாவிக்காது விடலாமா?

மூன்றாவது, ஒப்படைத்தல். முடிவெடுத்தபின் கடமையைச் செய்து பயனை இறைவனிடம் விட்டுவிட வேண்டும். அமைதி பெரும்பாலும் முடிவுக்கு முன் வருவதில்லை. திலகவதியாருக்கு வந்ததுபோல, தொண்டின் நடுவே மெல்ல மெல்ல வருகின்றது.

அந்தத் தாய் அன்று மூன்றாம் முறை பூக்கட்டவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்கள் என்ன முடிவெடுத்தார்கள் என்பது அவர்கள் வீட்டுக் காரியம். கற்பூரம் கொளுத்தி, மகனின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு அவர் சென்றபோது முகத்தில் முன்னைய கலக்கம் இருக்கவில்லை.

பூவைக் கேட்குமுன் உள்ளத்தைக் கேட்போம். தெளிந்த உள்ளத்தோடு எடுத்த முடிவை எமது ஆலயத்தில் வீற்றிருந்து அருள்பாலிக்கும் அம்பாளின் திருவடிகளில் வைத்துக் கடமையைத் தொடர்வோமாக.